மொஜிராதே பக்கத்து நாற்காலி

கிட்ட வாங்க, கண்ணுகளா. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். இந்த வாரக் கதையில் அடுப்பை மறந்த ஒருத்தி வருகிறாள். அவளைப் பார்த்து நீங்களும் கருக விட வேண்டாம். ஒரு நாற்காலியைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அதில் உட்கார வேண்டியவள் எழுபது கிலோமீட்டர் தள்ளி இருந்தாள், தனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருப்பதே தெரியாமல்.

போன வாரம் விட்டவர்களுக்காக நாலு வரி.

நம்ம கிக்கெலோமோ இபடானில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறவள். வயது ஐம்பத்தாறு. புருஷன் அக்கான்பி, நிலம் அளக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகள் யெஜிதேக்கு இருபத்து நாலு. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை, கையில் எப்போதும் போன். மொஜிராதே யார் என்றால், அபெயோகூட்டா விடுதிப் பள்ளியில் கிக்கெலோமோவோடு ஒரே இரும்புக் கட்டிலில் மேல்தட்டும் கீழ்த்தட்டுமாக ஏழு வருஷம் படுத்தவள். மூன்று வருஷத்துக்கு முன் மொஜிராதேயின் புருஷன் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு அவள் கால் அபெயோகூட்டா வீட்டில் தங்கவில்லை. லண்டனில் மகன், டொரண்டோவில் தங்கை. தினம் ஒரு படம் போடுவாள். பனியில் நிற்கிற படம், கப்பலில் நிற்கிற படம்.

கிக்கெலோமோ விடியற்காலை ஜெபத்துக்கு முன்னாடியே அதைப் பார்த்துவிடுவாள். பார்த்தால் அன்றைக்கு முழுக்க எதிலும் மனசு ஒட்டாது. ஒருநாள் மொஜிராதே வேறொரு பொம்பளையின் தோளில் கைபோட்டு நின்று, ‘என் உயிர்த்தோழி’ என்று எழுதியிருந்தாள். அன்றைக்குத்தான் கிக்கெலோமோ போனை மகளிடம் நீட்டினாள். இவளை அழிக்காதே, என் கண்ணில் படாமல் எங்கேயாவது வை என்றாள். யெஜிதே மொஜிராதேயையும், பழைய மாணவிகள் கூட்டத்தையும் மறைவுப் பெட்டியில் தள்ளினாள். அதற்குள் போனவர்கள் என்ன அனுப்பினாலும் மணி அடிக்காது, திரையில் மேலே வராது.

அது நடந்து ஆறு வாரம். ஆறு வாரமும் கிக்கெலோமோ நன்றாகத் தூங்கினாள்.

இனி சனிக்கிழமை.

காலை ஒன்பது மணி இருக்கும். கிக்கெலோமோ அகரா சுட்டுக்கொண்டிருந்தாள். காராமணி மாவு எண்ணெயில் விழுந்து உப்பி, ஓரம் சிவக்க ஆரம்பித்திருந்தது. கூழ் ஆறுகிறது. அக்கான்பி வாசல் நிலையில் சாய்ந்தபடி செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். அடுத்த ஈடு வேகிற நேரத்தில் இடது கையால் போனை எடுத்தாள், சும்மாதான்.

சிதிக்காத் ஒரு படம் போட்டிருந்தாள்.

சிதிக்காத்தும் அதே விடுதிதான். வருஷத்துக்கு இரண்டு படம் போடுகிறவள். ஆகையால் அவளை மறைக்கத் தோன்றவில்லை. படத்தில் சிதிக்காத்துக்கு யாரோ தலைக்கட்டுக் கட்டிவிடுகிறார்கள். துணி கோலாக்கொட்டையை உடைத்தால் உள்ளே தெரியுமே, அந்தச் சிவப்பு. நடுவில் பொன்னிழை. அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அடுத்ததற்குத் தள்ளினாள்.

அடுத்த படத்தில் நாலு பேர் நின்றார்கள். நாலு பேரும் அதே துணி. நாலு பேரும் அவளோடு படித்தவர்கள். கீழே, ‘எங்கள் அபிதெமியின் நாள்’ என்று எழுதியிருந்தது.

அபிதெமி, மொஜிராதேயின் மகள்.

பத்திரிகை வராவிட்டால் மறந்திருப்பார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். எங்கள் பக்கம் கல்யாணக் காரியத்துக்குக் கூப்பிடுவது என்றால் துணி கொடுப்பது. அஷோ-எபி. அந்த வீட்டுக்கு வேண்டியவர்கள் அத்தனை பேரும் ஒரே துணி உடுத்தி நிற்பார்கள். துணி வராவிட்டால் அதற்குச் சொல்லிக்கொள்ள ஒரு சமாதானமும் கிடையாது. நீ எங்கள் ஆள் இல்லை என்று அர்த்தம்.

அவள் அந்தப் படத்தை மூடினாள். திறந்தாள். விரலால் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யார் சிரிக்கிறார்கள், யார் எங்கே பார்க்கிறார்கள், தன் பெயர் அந்த அறையில் பேசப்பட்டிருக்குமா. மூடினாள். மறுபடி திறந்தாள். காதுக்குள் இரைச்சல் வந்தது. உங்களில் சிலருக்கு அந்த இரைச்சல் தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் பாக்கியசாலிகள்.

எண்ணெயிலிருந்து புகை வந்த பிறகுதான் அக்கான்பி தலையைத் தூக்கினார்.

“யெஜிதே அம்மா, இன்னிக்கு அகராவா, கரியா?”

அவள் கருகினதை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தாள், நல்லதை எடுத்து வைக்கிற மாதிரியே. அவர் ஊசியைக் கீழே வைத்தார். முப்பது வருஷம் கூட இருந்தவர். வாய் திறக்காத பொம்பளையிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று தெரியும்.

அவள் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள்.

படம் என்றால் அவர்கள் காலத்தில் என்ன தெரியுமா? பதினாறு வயது. விடுமுறைக்கு விடுகிற நாள். கிக்கெலோமோவும் மொஜிராதேயும் சீருடையோடு, ஆஸ்பத்திரி தெருவிலிருந்த ஸ்டூடியோவுக்குப் போனார்கள். அங்கே திரையில் ஆகாய விமானம் எழுதியிருக்கும். அதற்கு முன்னால் மரத்தில் நிஜமாகவே நாலு படி. ஏறி நின்று திரும்பிப் பார்த்துக் கையாட்டினால், வெளிநாடு கிளம்புகிற மாதிரி படம் வரும். மொஜிராதே மேல்படி, இவள் அடுத்த படி. படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, சிரிக்காதீங்க, விமானம் ஆடுது என்றார். அதற்குப் பிறகு அவர்களால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

படம் கைக்கு வர மூன்று வாரம். இருவரிடமும் சேர்த்து ஒரு பிரதிக்குத்தான் வழி இருந்தது. படிப்பு முடிந்து பிரிந்த பிறகு, நாலு மாதம் இவளிடம், நாலு மாதம் அவளிடம் என்று அது வீடு மாறி வீடு போனது. போகும்போது சும்மா போகாது. பின்பக்கத்தில் பென்சிலில் ஒரு வரி எழுதிப் போகும். ‘எனக்கு அம்மை போட்டிருந்தது, உனக்குச் சொல்லவில்லை.’ ‘என் அண்ணன் உன்னைக் கேட்டான், நான் திட்டிவிட்டேன்.’ கடைசியில் எழுத இடமில்லாமல் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி எழுதினார்கள். மொஜிராதே எங்கே இருக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்று நாலு மாதத்துக்கு ஒரு வரிதான் தெரியும். அது போதுமானதாக இருந்தது. போதவில்லை என்றுகூட அப்போது அவளுக்குத் தோன்றியதில்லை.

அபிதெமி பிறந்த நாளும் ஞாபகம் வந்தது. அப்பா ஊரில் இல்லாதபோது பிறக்கிற பிள்ளைக்கு அந்தப் பெயர். மொஜிராதேயின் புருஷன் வேலையாகக் கானோவுக்குப் போயிருந்தார். மழை. பிரசவ அறை வாசல் பெஞ்சில் இரண்டு பகல் ஓர் இரவு கிக்கெலோமோதான் உட்கார்ந்திருந்தாள். குழந்தையோட அப்பா எங்கே என்று நர்ஸ் வந்து கேட்டாள். அவர் வர்ற வரைக்கும் நான்தான் என்று இவள் எழுந்து நின்று கையை நீட்டினாள். நர்ஸ் சிரிக்காமல் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போனாள். முதலில் அபிதெமியைத் தூக்கினது இவள் கைதான்.

அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கு நிச்சயம். இவளுக்கு ஒரு முழத் துணி வரவில்லை.

உள்ளே யெஜிதே அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாள். அம்மா போனை மேஜையில் போட்டுவிட்டுப் போயிருந்தாள், படம் அப்படியே திறந்திருந்தது. பார்த்த உடனே போனைக் கையில் எடுத்தாள். போன டிசம்பரில் தன் சிநேகிதிகள் ஐந்து பேர் தன்னை விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போன படங்களை மூன்று நாள் போர்வைக்குள் பார்த்து அழுதவள் அவள். அம்மா முகம் எப்படி இருக்கும் என்று வெளியே போய்ப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் அவளைப் போனை எடுக்க வைத்தது அது இல்லை. மறைவுப் பெட்டியின் ஞாபகம்.

திறந்தாள். மொஜிராதே பெயருக்குப் பக்கத்தில் பதினொன்று என்று இருந்தது. பதினொன்றும் குரல் பதிவுகள். அந்த இரண்டு சிநேகிதிகளுக்கும் போன் அடித்துப் பேசுகிற பழக்கம் போய் எத்தனையோ காலம். ஒருத்தி பேசி அனுப்புவாள், மற்றவள் சமைத்துக்கொண்டே கேட்பாள்.

யெஜிதே முதலாவதைக் காதில் வைத்துக் கேட்டாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு பின்வாசலுக்குப் போய் அம்மாவுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

“அம்மா, ஒண்ணு சொல்லணும். கோவப்படாம கேளு.”

“கோவப்படணுமா வேணாமான்னு கேட்டப்புறம்தான தெரியும்.”

“மொஜிராதே அத்தை கூப்பிட்டிருக்காங்க. அஞ்சு வாரமா கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. நாமதான் பெட்டியில போட்டு மூடிட்டோம்.”

முதல் பதிவு ஐந்து வாரம் பழசு. மொஜிராதேயின் குரல் தெளிவாக, வேகமாக வந்தது. ஊருக்கு வந்துவிட்டேன், நிச்சயத் தேதி குறித்தாகிவிட்டது, உன் துணியை இபடான் வண்டி டிரைவர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன், வண்டிப் பேட்டையில் வாங்கிக்கொள், ரவிக்கையை இறுக்கித் தைத்துவிடாதே, நாம் இருவரும் இப்போது பதினாறு இல்லை. அடுத்ததில் துணி வந்ததா என்று கேட்டாள். அதற்கடுத்ததில், வாங்கிக்கொண்டாய் என்று நினைக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றாள். பிறகு வந்தவை வரவரச் சின்னதாகின. ஒன்றில் பேச்சே இல்லை, மூச்சு மட்டும், பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம்.

கடைசிப் பதிவு வியாழக்கிழமை வந்தது.

“கிக்கெ, இதுக்கு மேல அனுப்பமாட்டேன். கெஞ்சினா நீ மரியாதைக்கு வருவ. எனக்கு மரியாதைக்கு வர்றவங்க முந்நூறு பேர் இருக்காங்க. அபிதெமிக்கு அப்பா நாற்காலியில கொழுந்தன் அடிசா உக்காரணும்னு அவர் வீட்டுல சொல்றாங்க. நான் ஒத்துக்கல. அவ பிறந்தன்னிக்கு அந்த இடத்துல யார் இருந்தாங்களோ அவங்கதான் உக்காரணும்னு சொல்லிட்டேன். பெரிய சண்டை. மாப்பிள்ளை வீட்டார் பொண்ணு கேட்டு எழுதுற கடுதாசியைப் படிச்சு முடியிற வரைக்கும் இடம் விட்டு வைப்பேன். அப்புறம் என்னால அவங்களை எதிர்த்து நிக்க முடியாது. என் மேல ஏதாவது கோவம்னா, அங்க வந்து உக்காந்துக்கிட்டு கோவிச்சுக்கோ.”

பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று படி வரைக்கும் வந்து பார்த்துவிட்டுப் போனது.

கிக்கெலோமோ முதலில் சொன்னது, போகமாட்டேன் என்பதுதான். அவளைக் குறை சொல்லாதீர்கள். துணி வரவில்லை என்று நினைத்தபோது அவளுக்கு வலி மட்டும் இருந்தது. இப்போது வெட்கமும் சேர்ந்துகொண்டது. ஐந்து வாரமாக ஏன் பதில் இல்லை என்று மொஜிராதே கேட்பாள். உன் சந்தோஷத்தைப் பார்க்கப் பொறுக்காமல் உன்னைப் பெட்டியில் போட்டு மூடினேன் என்று, அவள் மகள் நிச்சயத்தில் போய் எப்படிச் சொல்வது? போன் கெட்டுவிட்டது என்று சொல்லேன் என்றாள் யெஜிதே. சிதிக்காத் நேற்றுக்கூடப் பார்த்திருப்பாளே, நான் படம் போட்டதை என்றாள் இவள்.

அதற்குள் வாசலில் வண்டி இருமுகிற சத்தம். எல்லாவற்றையும் உள்ளிருந்தே கேட்டுவிட்ட அக்கான்பி, ஒற்றைச் செருப்பில் புது வாரும் மற்றதில் பழைய வாருமாக வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார்.

“பத்து மணிக்குன்னு போட்டிருந்தா பதினொண்ணுக்குத் தொடங்குவாங்க. ஏறு. வரலைன்னா வழியில யோசிச்சுச் சொல்லு, திருப்பிடறேன்.”

அவள் வெள்ளை லேஸ் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு ஏறினாள்.

முதலில் பேட்டை. அபெயோகூட்டா வண்டிகள் நிற்கிற இடத்தில், தகரக் கூரைக்குக் கீழே சீட்டுக் கொடுக்கிற அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். வருகிற பொட்டலங்களை வாங்கி வைப்பதும் அவள் வேலை. கனத்த உடம்பு, கனத்த குரல். யெஜிதே டிரைவர் பெயரையும், அனுப்பினவர் பெயரையும் சொன்னாள். அந்த அம்மாள் கண்ணை மூடி யோசித்தாள். மேலே பார்த்தாள், பெஞ்சுக்குக் கீழே பார்த்தாள், முன்னால் நின்ற ஒருவரிடம் அந்தப் பக்கம் பார் என்றாள். பிறகு மெதுவாக முன்னால் குனிந்து, தன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை உருவினாள்.

“யாரும் வரலையேம்மா. முதுகு வலிக்கு முட்டுக் கொடுத்துக்கிட்டேன். கோவிச்சுக்காத, ஒரு மாசமா எனக்கு வலியே இல்ல.”

காகிதத்தைப் பிரித்தால் கோலாக்கொட்டைச் சிவப்பு. மடிப்புக் கலையாத முழுத் துணி. ஓர் ஊசி படவில்லை. கிக்கெலோமோ அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சீட்டுக்காரி அவள் முகத்தைப் பார்த்தாள். எழுந்து வந்து, தைக்க நேரமில்லைன்னா என்ன, நம்ம பாட்டிமாரெல்லாம் தைச்சா கட்டினாங்க என்றாள். அங்கேயே, வண்டிக்காரர்கள் நடுவில், துணியை இரண்டாகக் கிழித்து, பெரிய பாதியை இவள் இடுப்பில் சுற்றி, மடித்துச் செருகி, இழுத்து இறுக்கினாள். சின்ன பாதியைத் தலைக்கட்டாகக் கட்டிவிட்டாள். கட்டு கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்தது. ஒரு டிரைவர், இப்ப மாமியார் மாதிரி இருக்கீங்க என்றான். அவன் பிழைப்பைப் பார்க்கச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் இவளை வண்டியில் ஏற்றினாள்.

மொஜிராதேக்குப் போன் அடித்தார்கள். எடுக்கவில்லை. மகள் நிச்சயத்தன்று எந்தத் தாய் போனைக் கையில் வைத்திருப்பாள்? சிதிக்காத் எடுத்தாள். தப்பட்டைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, அப்புறம் பேசு என்று வைத்துவிட்டாள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு வேடிக்கை. காலையில் எந்தப் படங்களைப் பார்த்து கிக்கெலோமோவுக்குக் காது இரைந்ததோ, அதே படங்கள்தான் இப்போது அவளுக்குக் கடிகாரம். பின்சீட்டில் யெஜிதே ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். உள்ளே விடமாட்டோம் என்று பெண் வீட்டுப் பொம்பளைகள் மறிக்கிறார்கள். பாட்டுப் பாடச் சொல்கிறார்கள். விட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை தோழர்களோடு நெடுஞ்சாண்கிடையாக விழுகிறான். மறுபடி விழச் சொல்கிறார்கள், ஒருத்தன் சட்டை கசங்கக் கூடாதென்று அரைகுறையாக விழுந்தானாம்.

“மூணாந் தடவையும் விழச் சொல்லட்டும்,” என்றாள் கிக்கெலோமோ. “ஆண்டவரே, நாலாந் தடவையும்.”

அக்கான்பி சிரித்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவளுக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது.

பாதி வழியில், பாறைகள் ஆரம்பிக்கிற இடத்தில், யெஜிதே கடைசியாகச் சொன்னது: ஒரு பெண் தட்டில் சுருட்டிய கடுதாசியோடு நிற்கிறாள், ரிப்பன் கட்டியிருக்கிறது. அதோடு சிக்னல் போய்விட்டது. படம் சுற்றிக்கொண்டே இருந்தது. யெஜிதே போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தாள். பிறகு மடியில் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த முக்கால் மணி நேரம் வண்டிக்குள் யாருக்கும் எதுவும் தெரியாது. வழியில் சோளம் சுடுகிற புகை. சாலையைக் கடக்கிற ஆடுகள். கிக்கெலோமோ வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. உடம்பு சரியில்லை. பள்ளிக்கூடத்தில் வேலை. ஒவ்வொன்றும் சொல்லச் சொல்ல வாயில் மணலாக இருந்தது.

அபெயோகூட்டாவில் அந்த வீட்டுத் தெரு முழுக்க வண்டிகள். அக்கான்பி அவளைத் தெருமுனையிலேயே இறக்கிவிட்டார். பந்தலுக்கு இன்னும் இருபது அடி இருக்கும்போது ஒலிபெருக்கியில் நடத்திக்கொடுக்கிற பொம்பளையின் குரல் கேட்டது. கடுதாசியை இவ்வளவு அழகாகப் படித்த நம் வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு ஒரு தரம் கை தட்டுங்கள் என்றது அந்தக் குரல். கைதட்டல் கேட்டது.

அவள் கால் நின்றுவிட்டது.

பின்னால் வந்த யெஜிதே சாய்ந்திருந்த அம்மாவின் தலைக்கட்டைச் சரிசெய்தாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கிக்கெலோமோ நடந்தாள்.

பந்தலுக்குள் ஒரே சிவப்பு. முந்நூறு பேருக்கு நடுவில் அவள் ஒருத்திதான் தைக்காத துணி. சிதிக்காத் பார்த்துவிட்டாள், வாயைக் கையால் மூடிக்கொண்டாள். நடுவில், பெண் வீட்டுப் பக்கத்தில், பூ வைத்த இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மொஜிராதே. அடுத்ததின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு அடிசா நின்றார், பெரிய அங்கியும் தொப்பியுமாக. அவர் குனிந்து அவளிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். சிரித்த முகத்தோடுதான், சுற்றிலும் ஜனங்கள் இருக்கிறார்களே. மொஜிராதே நேர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலியில் அவளுடைய பொன்னிறக் கைப்பை உட்கார்ந்திருந்தது. கடுதாசி படித்து முடித்தும் அவள் அதை எடுக்கவில்லை.

கிக்கெலோமோ முன்னால் போய் நின்றாள். மொஜிராதே அவள் பாதத்திலிருந்து தலைக்கட்டு வரைக்கும் ஒருமுறை பார்த்தாள். கைப்பையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

இவள் உட்கார்ந்தாள்.

அடிசாவின் கை நாற்காலி முதுகில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதை எடுத்துக்கொண்டு அவர் போனார். தன் இடத்துக்குப் போகவில்லை. நேரே எதிர்ப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார் வரிசைக்குப் போய், மாப்பிள்ளையின் அப்பா காதருகே குனிந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர் முகத்தில் அதுவரைக்கும் இருந்த சிரிப்பு இல்லாமல் போனது. அதை இந்த இருவரும் பார்க்கவில்லை. யெஜிதே பார்த்தாள், அது என்ன என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன்.

தப்பட்டை தொடங்கிற்று. பெண் வரப்போகிறாள். அந்தச் சத்தத்துக்கு அடியில், உதடு அதிகம் அசையாமல் மொஜிராதே கேட்டாள்.

“தைக்கலையா?”

“பேட்டையில கிடந்துச்சு. இன்னிக்குத்தான் எடுத்தேன்.”

“அப்ப நான் பேசினதெல்லாம்?”

தண்ணீரில் விழுந்த போன் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கிக்கெலோமோ அதை விழுங்கிவிட்டாள்.

“இன்னிக்குத்தான் கேட்டேன். போன்ல உன்னை மறைச்சு வச்சிருந்தேன், மொஜி. உன் படத்தைப் பார்த்தா அன்னிக்கு முழுக்க எனக்கு எதுவும் ஓடாது. நீ எங்கயோ போயிட்ட, நான் இங்கயே இருக்கேன்னு இருக்கும். உன் மேல தப்பு இல்ல. என்னால பார்க்க முடியல.”

மொஜிராதே தப்பட்டைக்காரர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானும்தான்,” என்றாள்.

“என்ன நானும்தான்?”

“உன்னை மறைச்சு வச்சேன். போன வருஷமே. ஞாயித்துக்கிழமையானா உன் வீட்டுக்காரர் பேப்பரை மூஞ்சி மேல போட்டுக்கிட்டு தூங்குறதை எடுத்துப் போடுவியே. லண்டன்ல ஜன்னல் பக்கத்துல உக்காந்து அதையே பார்த்துக்கிட்டிருப்பேன். அப்புறம் கோட்டை மாட்டிக்கிட்டு வெளிய போய், யாராவது ஒருத்தரை நிறுத்தி, எனக்கு ஒரு படம் எடுத்துக் குடுங்கன்னு கேப்பேன்.”

கிக்கெலோமோ கை தானாகப் பக்கத்து நாற்காலிக்குப் போயிற்று. மொஜிராதே அதைப் பிடித்தாள், விரல் நோகிற அளவுக்கு. இருவரும் திரும்பிப் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் முகப்பூச்சு அத்தனையும் போயிருக்கும். சிதிக்காத் எங்கேயோ இருந்து போனைத் தூக்கிப் பிடித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, இறக்கிவிட்டாள்.

அபிதெமி வந்தாள். முகத்திரையோடு, தோழிகள் சூழ, தப்பட்டைக்கு ஏற்றபடி ஒவ்வோர் அடியாக. திரையை விலக்கினார்கள். அவள் முதலில் அம்மாவைப் பார்த்தாள், அப்புறம் அடுத்த நாற்காலியைப் பார்த்தாள். அத்தனை நாள் பழகிய ஆட்டமெல்லாம் மறந்து, சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சினாள். மண்டியிட்டாள். இரண்டு பேர் மடிக்கும் நடுவில் தலையை வைத்தாள்.

அப்பா ஸ்தானத்தில் இருக்கிறவர்தான் முதலில் வாழ்த்த வேண்டும். ஒலிவாங்கியை கிக்கெலோமோ கையில் கொடுத்தார்கள். நூலகத்தில் முப்பது வருஷம் குரலைத் தாழ்த்தியே பழகினவள். அன்றைக்கு அவள் குரல் பந்தலின் கடைசி வரிசை வரைக்கும் போயிற்று என்று யெஜிதே சொன்னாள்.

அவள் சொன்னது அந்தப் பெண்ணுக்கு உரியது, அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. கதை கேட்க இவ்வளவு தூரம் கூட வந்த உங்களுக்கு என் வாயிலிருந்து: உங்கள் பானையில் அடி தெரியாதிருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் பாரமில்லாத நெஞ்சோடு கண் விழிக்கட்டும். விட்டுப்போனதென்று நீங்கள் ஏங்குகிறது எல்லாம் உங்கள் வீட்டு வாசலைத் தானே கேட்டுக்கொண்டு வரட்டும். உங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் ஒளிந்து வாழ வேண்டிய நாள் வராதிருக்கட்டும். நல்லாயிருங்க, கண்ணுகளா, நல்லாயிருங்க.